அரைக் கோப்பைக் காபி: வள்ளூர்ப் பக்கத்துச் சமையல் மேடைச் சுவர்கள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

கட்டடக்கலை பற்றி எழுதுகிறவர்கள் முகப்பைப் பற்றி எழுதுவார்கள், மாடத்தைப் பற்றி எழுதுவார்கள், கோபுரத்தைப் பற்றி எழுதுவார்கள். சமையல் மேடைக்கு மேலே இரண்டு அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிற அந்தச் சுவரைப் பற்றி எழுதுவதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்க. ஒரு வீட்டில் அதிக நேரம் பார்க்கப்படுகிற சுவர் எது? வாசல் முகப்பை அந்த வீட்டுக்காரர் நாளைக்கு இரண்டு முறை பார்ப்பார். அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவரை, சமைக்கிறவர் ஒன்றரை அடி தூரத்திலிருந்து, காலையும் மாலையும், வருஷக்கணக்கில் பார்க்கிறார். பால் பொங்குகிற வரைக்கும் காத்திருக்கும்போது கண்ணுக்கு வேறு இடம் கிடையாது. அப்படிப் பார்க்கப்படுகிற ஒன்றை ஒரு ஆக்கமாக எடுத்துக்கொண்டு, அதற்குரிய கறாரோடு விமர்சிக்கலாம் என்பது என் எண்ணம்.

எனக்குத் தெரிந்த சுவர்கள் சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி ரயில் பாதையை ஒட்டியவை. அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. அதில் வள்ளூர் நடுநாயகம். தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக நடத்துகிற, 500 மெகாவாட் அலகுகள் மூன்று கொண்ட அனல் மின் நிலையத்தால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த பெயர். மின் நிலையம், துறைமுகம், சிப்காட் என்று வேலை வந்ததும் வாடகை வீடுகள் வந்தன. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, கீழே இரண்டு போர்ஷன், மேலே இரண்டு போர்ஷன். ஒவ்வொன்றிலும் ஆறுக்கு எட்டோ, ஏழுக்கு ஒன்பதோ ஒரு சமையலறை. ஒவ்வொரு சமையலறையிலும் கறுப்பு மேடை, மேலே டைல்ஸ். இந்தச் சுவர்களில் பல, கொஞ்சம் கோணலாகவும், ஒரு ஓரத்தில் சீவல் மாதிரி ஒரு துண்டுடனும், நடுவில் பாதி வெட்டுப்பட்ட ஒரு காபிக் கோப்பையுடனும் இருக்கின்றன. ஏன் அப்படி இருக்கின்றன, வேறு மாதிரி இருக்க முடியுமா என்பதுதான் இந்தக் குறிப்பு.

லைட், டார்க், ஹைலைட்டர்

முதலில் படத்தைப் பேசிவிடலாம். டைல்ஸ் கடையில் சமையலறைச் சுவருக்கு என்று தனியாக ஒரு அடுக்கு இருக்கும். மூன்று வகையாக விற்பார்கள்: லைட், டார்க், ஹைலைட்டர். லைட் என்பது வெளிர் நிறம். டார்க் என்பது அதே சாயலில் அழுத்தமானது. ஹைலைட்டர் என்பது படம் போட்டது. அந்தப் படங்களில் என்ன இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆவி பறக்கும் காபிக் கோப்பை, சாஸரோடு. சிவப்பு, பச்சை, மஞ்சள் குடமிளகாய். திராட்சைக் குலை. ஸ்ட்ராபெரி. கண்ணாடிக் குடுவையில் ஆலிவ் எண்ணெய் மாதிரி ஏதோ ஒன்று.

இந்த டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. இந்தியாவின் செராமிக் டைல் உற்பத்தி அந்த ஒரு ஊரைச் சுற்றித்தான் குவிந்திருக்கிறது. நாடு முழுக்க ஒரே படம் போய்ச் சேர வேண்டும் என்பதால், எந்த ஊர்ச் சமையலுக்கும் சொந்தமில்லாத ஒரு சமையலைப் படமாக்குகிறார்கள். மீன்குழம்பு கொதிக்கிற அடுப்புக்குப் பின்னால் ஆலிவ் குடுவை. இதைக் கேலி செய்வது சுலபம், நான் அதைச் செய்யப்போவதில்லை. அந்தப் படத்தை ஒரு குடும்பம் கடையில் நின்று, நாலு பேர் கூடிப் பேசி, விரும்பித்தான் எடுத்து வருகிறது. வெள்ளைச் சுவர் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு என்று அம்மா சொல்வார். அதில் நியாயம் இருக்கிறது.

நான் குறை சொல்வது படத்தை அல்ல, படம் வந்து உட்கார்கிற இடத்தை. ஹைலைட்டர் என்பது ஒரு மையத்தைக் கோருகிற பொருள். 'இங்கே பார்' என்று சொல்வதற்காகவே அச்சடிக்கப்பட்டது. அதை எங்கே வைப்பது என்று யோசிக்காமல், மூன்று டைலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒட்டிக்கொண்டே போனால், ஒன்று கேஸ் குழாய்க்குப் பின்னால் போகும், இன்னொன்றின் நடுவில் மிக்ஸிக்கான சுவிட்ச் பெட்டி வரும், கடைசி ஒன்று மூலையில் பாதியாக வெட்டுப்படும். கோப்பையின் காது மட்டும் சுவரில் இருக்கும், கோப்பை இருக்காது. வாங்கினது அலங்காரம், கிடைத்தது விபத்து.

மூலையும் நடுவும்

இப்படி ஆவதற்குக் காரணம் ஒட்டுகிறவர் திறமையில்லாதவர் என்பதல்ல. எங்கிருந்து தொடங்குகிறார் என்பதுதான் காரணம். வழக்கம் இது: கதவில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மூலையில் முழு டைல் வை, அங்கிருந்து ஒட்டிக்கொண்டே போ, மறுமூலையில் மிஞ்சுகிற இடத்துக்கு வெட்டிப் போடு. 'வெட்டு துண்டு ஃபிரிட்ஜ் பின்னாடி போயிடும் சார், யாரும் பாக்க மாட்டாங்க' என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் விளக்கம். இது முட்டாள்தனமான முறை அல்ல. ஒரு பக்கம் முழுசாக வந்துவிடுகிறது, வெட்டு ஒரு பக்கத்தோடு போகிறது, நூல் பிடித்த பிறகு யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த முறைக்குச் சுவர் என்று ஒன்று கிடையாது. வரிசை மட்டும்தான் உண்டு. எங்கே முடியும் என்று தெரியாமல் தொடங்குகிற முறை.

அதே வீட்டின் வாசலில், அதே காலையில், இதற்கு நேர் எதிரான ஒரு முறை நடந்துகொண்டிருக்கும். புள்ளிக் கோலம் போடுகிறவர் மூலையிலிருந்து தொடங்குவதில்லை. 'ஒன்பது புள்ளி, ஒன்றில் முடியும்' என்றால், ஒன்பது புள்ளி உள்ள நீள வரிசையை முதலில் நடுவில் வைப்பார். பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று குறைத்துக்கொண்டு போவார். வாசல் எவ்வளவு அகலம், கோலம் எவ்வளவு அகலம் என்பதை முதல் வரிசையிலேயே கண் அளந்துவிடும். மீதி தானாக இரண்டு பக்கமும் சமமாக விழும். இந்த முறைக்குள் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்பதைத் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும் கமலா கிரிதிவாசனும் கணினியியல் மொழியில் எழுதிக் காட்டினார்கள். கோலங்களை அணி இலக்கணங்களாக விவரிக்கும் அவர்களது கட்டுரை 1974இல் வந்தது.

கோலத்தின் சொற்கள் டைல்ஸுக்கு அப்படியே பொருந்தும். நேர்ப்புள்ளி என்றால் புள்ளிக்கு மேல் புள்ளி. டைல்ஸில் ஜாயிண்டுக்கு மேல் ஜாயிண்ட் வருகிற நேர் அடுக்கு. சந்துப்புள்ளி என்றால் இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி. டைல்ஸில் செங்கல் கட்டு மாதிரி ஜாயிண்ட் மாறி மாறி வருகிற அடுக்கு. ஒற்றைப்படைப் புள்ளி என்றால் நடுவில் ஒரு புள்ளி நிற்கும்; இரட்டைப்படை என்றால் நடுவில் இடைவெளி நிற்கும். டைல்ஸிலும் இந்த ஒரே கேள்விதான்: சுவரின் மையக்கோட்டில் டைல் நிற்கணுமா, ஜாயிண்ட் நிற்கணுமா? வாசலில் இருக்கிற அறிவு சமையலறைக்குள் வந்து சேரவில்லை. வாசல் பெண்கள் கையில், சுவர் கொத்தனார் கையில். இரண்டு பேரும் ஒருமுறை பேசியிருந்தால் போதும்.

ஒரு கணக்கு

வெறும் ரசனைப் பேச்சாகப் போகாமலிருக்க ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். நீளம் 9 அடி 4 அங்குலம். டைல் '12க்கு 18', அகலவாட்டில் ஒட்டுகிறோம். இங்கேயே ஒரு தகராறு இருக்கிறது. கடையில் 12க்கு 18 என்று சொன்னாலும் பெட்டியில் 300 × 450 மி.மீ. என்றுதான் இருக்கும். 18 அங்குலம் என்பது 457 மி.மீ. டைலுக்கு 7 மி.மீ. குறைகிறது, ஆறு டைலில் ஒன்றரை அங்குலத்துக்கும் மேல். அடிக்கணக்கில் திட்டம் போட்டால் கடைசித் துண்டு சொன்னபடி வராது. அதனால் நாடாவின் மறுபக்கத்தைத் திருப்பிப் பிடிக்கணும். சுவர் 2845 மி.மீ., டைல் 450, ஜாயிண்ட் 2.

மூலையிலிருந்து தொடங்கினால் 6 முழு டைல், கடைசியில் 133 மி.மீ. துண்டு. ஐந்து அங்குலச் சீவல்.

நடுவில் ஜாயிண்ட் வைத்துத் தொடங்கினால் இரண்டு பக்கமும் மும்மூன்று முழு டைல், இரண்டு ஓரத்திலும் 65 மி.மீ. துண்டு. சமச்சீர்தான், ஆனால் இது இன்னும் மோசம். ஒரு சீவலுக்குப் பதில் இரண்டு சீவல். இரண்டரை அங்குல அகலத்துக்கு வெட்டும்போது பாதி உடைந்தும் போகும்.

நடுவில் டைல் வைத்துத் தொடங்கினால் 5 முழு டைல், இரண்டு ஓரத்திலும் 291 மி.மீ. துண்டு. டைலில் பாதிக்கு மேல். வெட்டின மாதிரியே தெரியாது.

இதிலிருந்து மனசில் வைத்துக்கொள்ள ஒரு விதி கிடைக்கிறது. மூலையிலிருந்து எண்ணினால் எத்தனை முழு டைல் வருகிறதோ, அதில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்க. வருகிற எண் ஒற்றைப்படை என்றால் மையத்தில் டைல். இரட்டைப்படை என்றால் மையத்தில் ஜாயிண்ட். ஓரத் துண்டு எப்போதும் பாதி டைலுக்குக் குறையாது. ஏன் என்றால் நீக்கிய ஒரு முழு டைலையும் மிச்சத்தையும் சேர்த்து இரண்டாகப் பங்கிடுகிறோம். அவ்வளவுதான் ரகசியம்.

'அப்படிப் பண்ணினா டைல்ஸ் கூட ஆகும்' என்பது வழக்கமான ஆட்சேபம். அதையும் பார்த்துவிடுவோம். இரண்டு வரிசைக்கு மூலைமுறையில் 12 முழு டைல். இரண்டு 133 மி.மீ. துண்டும் ஒரே டைலிலிருந்து கிடைத்துவிடும். மொத்தம் 13. நடுமுறையில் 10 முழு டைல், நாலு துண்டுக்கு நாலு டைல். மொத்தம் 14. ஆக ஆட்சேபம் உண்மைதான்: ஒரு சுவருக்கு ஒரே ஒரு டைல் அதிகம். வெட்டு இரண்டுக்குப் பதில் நாலு. இதுதான் சமச்சீரின் முழு விலை. எவ்வளவோ செலவு செய்து வீடு கட்டுகிறவர் இந்த ஒரு டைலுக்காகத் தயங்குவாரா என்று கேட்டால், தயங்க மாட்டார். ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஒட்டுகிற அன்று காலையில் அந்த முடிவு தானாக எடுக்கப்பட்டுவிடுகிறது.

எதன் நடு?

இதுவரைக்கும் சுவரின் நடுவைப் பற்றிப் பேசினேன். ஆனால் சமச்சீர் விரும்பிகள் மீதும் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. சமையல் மேடைச் சுவர் கோயில் மண்டபச் சுவர் அல்ல. அதற்குள் ஏற்கனவே சமச்சீர் இல்லாத சாமான்கள் இருக்கின்றன. வாஸ்து பார்க்கிற வீட்டில் சமையலறை தென்கிழக்கு அக்னி மூலைக்குப் போகும். கிழக்கு பார்த்துச் சமைக்கணும் என்பதால் அடுப்பு கிழக்குச் சுவரில் உட்காரும், பெரும்பாலும் சுவரின் நடுவில் இல்லாமல். தொட்டி ஜன்னலுக்குக் கீழே போகும். புகைபோக்கி விசிறிக்கு ஒரு ஓட்டை. இவ்வளவும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்போது டைல்ஸ் மட்டும் நாடா பிடித்துச் சுவர் நடுவில் நின்றால், அது யாருக்கான சமச்சீர்? காலி அறையைப் படம் பிடிக்கிறவருக்கானது.

சமையலறையை வேலை செய்கிறவரின் உடம்பிலிருந்து திட்டமிட வேண்டும் என்பது புதுச் சிந்தனை அல்ல. 1926இல் பிராங்க்ஃபர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சிறிய சமையலறை, எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது, கை எங்கே போகிறது என்ற கணக்கிலிருந்துதான் பிறந்தது. அதன் அளவு ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், நம்ம ஊர் வாடகைச் சமையலறையை விட அப்படி ஒன்றும் பெரிசில்லை. அந்தச் சமையலறைக்கும் குறைகள் உண்டு, ஒரு ஆள் மட்டுமே நிற்க முடிகிற இடம் அது என்று பின்னால் வந்த பெண்ணியர்கள் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அளவைத் தொடங்கின இடம் சரியானது: நிற்கிற ஆள்.

அதனால் என் வாதம் இது. மையக்கோடு சுவரின் நடுவில் அல்ல, அடுப்பின் நடுவில் விழணும். நம்ம 2845 மி.மீ. சுவரிலேயே பார்ப்போம். அடுப்பின் நடு இடது மூலையிலிருந்து 1000 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்க. அந்தக் கோட்டில் ஒரு டைலை நடுவாக வைத்தால் இடப்பக்கம் ஒரு முழு டைலும் 321 மி.மீ. துண்டும், வலப்பக்கம் மூன்று முழு டைலும் 262 மி.மீ. துண்டும் வரும். அதே ஏழு துண்டு, அதே வெட்டு. இரண்டு ஓரமும் பாதி டைலுக்கு மேல். ஓரங்களுக்குள் 59 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது, ஒன்பது அடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருக்கிற இரண்டு துண்டை ஒப்பிட்டுப் பார்க்கிற கண் யாருக்கும் கிடையாது. ஆனால் சமைக்கிறவருக்கு நேர் எதிரே ஒரு முழு டைல், அதற்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஹைலைட்டர் வாங்கியே தீருவேன் என்றால் அது இங்கே வரட்டும், முழுசாக. அந்தக் கோப்பை அப்போதுதான் கோப்பை.

எல்லாச் சுவரிலும் கணக்கு இவ்வளவு சமத்தாக வராது. வராத இடத்துக்கு ஆத்தங்குடியிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ளலாம். செட்டிநாட்டுக் கூடங்களில் நடுப்பரப்பு ஒரு வடிவம், சுற்றிலும் பார்டர். அறையின் அளவு கல்லின் அளவுக்குள் அடங்காதபோது வித்தியாசத்தை விழுங்குவதற்கு அந்த ஓரப்பகுதி இருக்கிறது. பூ வெட்டுப்படாது. சமையலறையிலும் நடுவில் லைட்டை முழுசாக ஒட்டி, இரண்டு ஓரத்துக்கும் டார்க்கை ஒரு பட்டையாக விட்டுவிட்டால், வெட்டினது வெட்டினதாகத் தெரியாமல் வேண்டுமென்றே வைத்ததாகத் தெரியும்.

நேர் என்பது

சமச்சீர் காகிதத்தில் சரியாக வந்தாலும், நேர் வராவிட்டால் எல்லாம் போச்சு. நேர் அடுக்கு ஈவிரக்கமில்லாதது. 1904இல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களின் சுவரில் 3க்கு 6 அங்குல வெள்ளை டைலைச் செங்கல் கட்டு மாதிரி மாற்றி மாற்றி ஒட்டினார்கள். உலகம் முழுக்க இன்றும் சமையலறைகளில் அதைப் பிரதியெடுக்கிறார்கள். செங்கல் அடுக்கின் நன்மை, செங்குத்து ஜாயிண்ட் தொடர்ந்து ஓடாததால் ஒரு மில்லிமீட்டர் தப்பு அடுத்த வரிசையில் மறைந்துவிடும். நேர் அடுக்கில் அந்தக் கோடு மேலிருந்து கீழ் வரைக்கும் ஓடும். தப்பு இருந்தால் கோடே காட்டிக்கொடுக்கும்.

நம்ம பக்கத்தில் இந்தக் கஷ்டத்தை இன்னும் கூட்டுவது 'பேப்பர் ஜாயிண்ட்' ஆசை. ஜாயிண்டே தெரியக்கூடாது, டைலும் டைலும் ஒட்டினாற்போல இருக்கணும் என்று வீட்டுக்காரர் கேட்பார். ஒரே பெட்டியிலிருந்து வந்த டைல்களுக்குள்ளேயும் அளவில் நுணுக்கமான வித்தியாசம் உண்டு. ஜாயிண்ட் என்பது அந்த வித்தியாசம் கரைகிற இடம். 2 மி.மீ. ஸ்பேசர் போட்டால் அரை மில்லிமீட்டர் தப்பு அதற்குள் காணாமல் போகும். போடாவிட்டால் நாலாவது டைலில் கோடு விலகத் தொடங்கும். ஜாயிண்ட் இல்லாமல் நேர் கிடையாது. இதை வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டேங்கிறாங்க.

இரண்டாவது, மேடை. முதல் வரிசையை மேடைக் கல் மேல் அப்படியே உட்கார வைப்பது வழக்கம். மேடை மட்டமாக இருந்தால் சரி. ஆனால் தண்ணீர் ஓடுவதற்காகத் தொட்டிப் பக்கம் ஒரு சரிவு வைத்திருப்பார்கள். வைக்காவிட்டாலும் தானாக இருக்கும். அந்தச் சரிவு முதல் வரிசைக்குப் போய், இரண்டாவது வரிசைக்குப் போய், மேலே அலமாரிக்குக் கீழே ஒரு ஆப்பு மாதிரி இடைவெளியாக நிற்கும். டியூப் லெவல் பிடித்துச் சுவரில் ஒரு மட்டக்கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு ஒட்டிவிட்டு, சரிவை முதல் வரிசையின் அடிப்பக்க வெட்டில் சரிக்கட்ட வேண்டும். சரிவைக் கீழே மறைக்கலாம், மேலே மறைக்க முடியாது.

மூன்றாவது விஷயம் இந்த வட்டாரத்துக்கே உரியது: உப்பு. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் உள்ளே வந்திருப்பது அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுகளில் பதிவாகிவருகிற விஷயம். ஆரணியாறு, கொசஸ்தலையாறு வடிநிலத்தின் கிணற்று வயல்களிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் இறைத்ததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. ஆனால் கட்டட வேலைக்குப் பல இடங்களில் கைக்குக் கிடைப்பது போர் தண்ணிதான். உப்புத் தண்ணியில் கலவை போட்டால், டைலை அதே தண்ணியில் ஊறவைத்தால், காய்கிறபோது உப்பு ஈரத்தோடு வெளியே வருகிறது. டைல் மேல் பளபளப்புப் பூச்சு இருப்பதால் அந்த வழியாக வராது. ஜாயிண்ட் வழியாகத்தான் வரும். எவ்வளவு நேராக ஒட்டின கோடும் வெள்ளை பூத்து, பொருக்குத் தட்டி, கோடு மாதிரியே தெரியாமல் போய்விடும். சுவர் டைலின் உடம்பு நுண்துளை கொண்டது. எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சுகிற வகை. அதனால்தான் சிமெண்ட்டில் ஒட்டுவதற்கு முன் ஊறவைக்கிறோம். அந்த ஊறவைக்கிற தொட்டியில் என்ன தண்ணி இருக்கு என்று பார்க்காமல் நேரைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை.

யார் செலவில்?

இங்கேதான் விஷயம் கனமாகிறது. மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நேரம் வேணும். மையக்கோடு போடணும், மட்டக்கோடு போடணும், ஒரு வரிசையைத் தரையில் சும்மா அடுக்கிப் பார்க்கணும். டைல்ஸ் கூலியோ சதுர அடிக் கணக்கு. அடுக்கிப் பார்க்கிற நேரத்துக்குச் சதுர அடி கிடையாது. இரண்டு வெட்டுக்குப் பதில் நாலு வெட்டு போட்டாலும் சதுர அடி அதேதான். சமச்சீருக்காகச் செலவழிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் ஒட்டுகிறவரின் பையிலிருந்து போகிறது. பிறகு அவர் மூலையிலிருந்து தொடங்குகிறார் என்று குறை சொல்வது என்ன நியாயம்? கோணல் சுவர் ரசனைக் குறைவின் விளைவு அல்ல. அது ஒரு கூலி முறையின் நேர்மையான சித்திரம்.

அதோடு தூசி. வெட்டுகிற கையை யோசிக்காமல் வெட்டைக் கூட்டச் சொல்லக் கூடாது. டைலின் உடம்பில் குவார்ட்ஸ் உண்டு. கையில் பிடிக்கிற கட்டிங் மிஷினில் காய்ந்த டைலை வெட்டினால் எழும்புகிற வெள்ளைப் புகையில் படிகச் சிலிக்கா இருக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. நுரையீரல் இறுகிப்போகிற சிலிக்கோசிஸ் அதற்கு முன்பே தெரிந்த நோய். சிலிக்கா அதிகமுள்ள செயற்கைக் கல் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடைசெய்ததும் அவற்றை வெட்டினவர்களின் நுரையீரலைப் பார்த்துத்தான். இங்கே ஜன்னல் இல்லாத சமையலறைக்குள் உட்கார்ந்து, மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டுகிறார்கள். பலர் ஊரை விட்டு வேலைக்கு வந்த வடமாநிலத்துப் பையன்கள்; இருமல் வருகிற காலத்தில் வேறெங்கோ இருப்பார்கள், யார் கணக்கிலும் வர மாட்டார்கள். செராமிக் சுவர் டைலுக்கு மிஷினே தேவையில்லை. கோடு கீறி அழுத்தி உடைக்கிற கை கட்டரில் நேர்வெட்டு சுத்தமாக வரும், தூசியும் வராது. சுவிட்ச் பெட்டி மாதிரியான சதுர ஓட்டைகளுக்குத்தான் மிஷின் வேணும். அதைத் தண்ணீர் விட்டு, வெளியே வைத்து வெட்டலாம்.

அந்த ஓட்டைகளையும் குறைக்கலாம், ஒட்டுவதற்கு முன்னால் ஒரு படம் இருந்தால். வீட்டுக்குப் பிளான் அனுமதிக்காக வரைகிற படத்தில் சமையலறை ஒரு நீள்சதுரம். உள்ளே ஒரு மேடை, முடிந்தது. அந்தச் சுவர் நின்றால் எப்படி இருக்கும் என்று சின்ன வீடுகளுக்கு யாரும் வரைவதில்லை. எலக்ட்ரீஷியன் முதலில் வந்து தனக்கு வசதியான இடத்தில் காடி வெட்டிப் பெட்டி வைத்துவிட்டுப் போவார். பிளம்பர் அவர் பங்குக்குக் குழாய் நீட்டுவார். கடைசியில் வருகிறவர் டைல்ஸ்காரர். மூன்று பேர் எடுத்த முடிவை ஒட்ட வேண்டிய பொறுப்பும், கோணலுக்கான பழியும் அவருக்கு. சுவிட்ச் பெட்டி ஒரு டைலின் நடுவிலோ ஜாயிண்டின் மேலோ ஒழுங்காக விழணும் என்றால், டைல் கணக்கு எலக்ட்ரீஷியனுக்கு முன்னால் முடிந்திருக்கணும். வேலையின் வரிசையையே மாற்றச் சொல்கிறேன் என்பது தெரியும். ஆனால் ஒரு நோட்டுத் தாளில், சுவரின் நீளம், உயரம், அடுப்பின் நடு, ஜன்னலின் ஓரம் என்று நாலு அளவை எழுதி வரைய பத்து நிமிஷம்தான் ஆகும்.

எதற்காக இவ்வளவு?

ஒருவர் கேட்கலாம்: மின் நிலையச் சாம்பலும் உப்புத் தண்ணியும் பிரச்சினையாக இருக்கிற ஊரில், டைல் நடுவில் நிற்கிறதா ஓரத்தில் நிற்கிறதா என்பது ஒரு பிரச்சினையா? கேள்வி சரிதான். டைல் நேராக நின்றால் யார் வாழ்க்கையும் மாறிவிடாது. ஆனால் அந்தச் சுவர் இப்படி இருப்பதற்கான காரணங்களும் அந்தப் பெரிய பிரச்சினைகளுக்கான காரணங்களும் ரொம்பத் தூரத்துச் சொந்தம் இல்லை. பார்க்கிறவரைக் கேட்காமல் முடிவெடுப்பது, யோசிக்கிற நேரத்துக்குக் கூலி கொடுக்காமலிருப்பது, மிச்சத்தை யார் கண்ணிலும் படாத மூலைக்குத் தள்ளுவது. மூலையும் ஒருவருடைய இடம்தான்.

சமச்சீர் என்பதை நான் அழகு என்ற பொருளில் மட்டும் சொல்லவில்லை. மிச்சத்தை இரண்டு பக்கமும் பங்கிடுவது என்ற பொருளில் சொல்கிறேன். அதற்குத் தேவையானது, சமைக்கிறவரை அடுப்பு வரப்போகிற இடத்தில் நிற்க வைத்து, அவர் மூக்குக்கு நேராகச் சுவரில் ஒரு பென்சில் கோடு. அந்தக் கோட்டிலிருந்து அடுக்கிப் பார்க்க அரைநாள். அந்த அரைநாளுக்கு ஒட்டுகிறவருக்குத் தனிக் கூலி. ஒரு வாளி நல்ல தண்ணி. கூடுதலாக ஒரு டைல். வீடு கட்டுகிறவர்கள் இந்த ஐந்தையும் எஸ்டிமேட்டில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டால், வள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் நிறைய கோப்பைகள் முழுசாகும்.